ஒரே புத்தகம், பத்து அமர்வுகள்: கதைப் புத்தகத்தை வைத்துப் பேச்சையும் எழுத்தையும் வளர்க்கும் முறை

இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும், தாத்தா பாட்டிக்கும், அங்கன்வாடி ஆசிரியர்களுக்குமான வழிகாட்டி இது. தேவையானவை ஒரு தமிழ்க் கதைப் புத்தகம், நாளுக்குப் பத்து நிமிடம், குறித்துவைக்க ஒரு நோட்டு.

படிகளின் வரிசை முக்கியம். முதலில் வாய், அடுத்து காது, பிறகு கண், கடைசியில் கை. படத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய பிறகு சொற்களின் ஒலியோடு விளையாட வேண்டும். அச்செழுத்து அதன் பிறகு. எழுதுவது எல்லாவற்றுக்கும் பின்னால். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. புத்தகத்தைத் திறந்ததுமே "இது என்ன எழுத்து?" என்று விரல் போகிறது. வாயில் இல்லாத சொல்லைக் கண் படித்தாலும் அதற்குப் பொருள் கிடையாது. அதனால்தான் வாய்க்கு முதலிடம்.

விளக்கத்துக்காக ஒரு சின்னக் கதையை வைத்துக்கொள்வோம். தாத்தா வெளியே கிளம்புகிறார், ஒற்றைச் செருப்பைக் காணோம். கட்டிலுக்குக் கீழே பார்க்கிறார், கதவுக்குப் பின்னால் பார்க்கிறார், கூடைக்குள் பார்க்கிறார், திண்ணையிலும் பார்க்கிறார். ஒவ்வொரு பக்கமும் "அங்கேயும் இல்லை!" என்று முடிகிறது. கடைசிப் பக்கத்தில் நாய்க்குட்டி அந்தச் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்குகிறது. உங்கள் புத்தகம் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

1. குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இரண்டு நாள் குழந்தை பேசுவதைக் கேட்டு, அது சொன்ன மிக நீளமான ஐந்து தொடர்களை அப்படியே எழுதிவையுங்கள். "அம்மா தண்ணி" என்றால் அதுதான். "அம்மா, தண்ணி வேணும்" என்று நீங்கள் திருத்தி எழுதக் கூடாது. குழந்தை எத்தனை சொல்லில் பேசுகிறதோ, அதைவிட ஒன்றோ இரண்டோ கூடுதலாகத்தான் நீங்கள் பேச வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் தொடங்கினால் உங்கள் பேச்சு குழந்தைக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.

அடுத்தது காது. முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா? அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தங்கி, கொஞ்ச நாள் கேட்கும் திறன் குறையலாம். சந்தேகம் இருந்தால் காது பரிசோதனைதான் முதல் வேலை, புத்தகம் பிறகு.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும், புத்தகம் படிப்பதோடு நிற்காமல் குழந்தை நல மருத்துவரிடமும் பேச்சு-மொழி நிபுணரிடமும் காட்டுங்கள்: 12 மாதத்தில் மழலை ஒலியோ விரலால் சுட்டிக்காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை, 3 வயதிலும் வீட்டாருக்கே பேச்சு புரியவில்லை, எந்த வயதிலும் முன்பு பேசிய சொற்கள் மறைந்துபோகின்றன. தமிழ்நாட்டில் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம். அங்கன்வாடி வழியாகவும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவும் அங்கே அனுப்புவார்கள்.

"இவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்று காத்திருப்பதுதான் பல குழந்தைகளுக்கு ஒரு வருடத்தைத் தின்றுவிடுகிறது. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது பாதுகாப்பானதும் அல்ல.

2. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வயதுக்குப் பக்கத்துக்கு ஒரு வரி போதும், மூன்று நான்கு வயதுக்கு இரண்டு மூன்று வரி. மொத்தம் 10 முதல் 16 பக்கம். ஒரே வரி திரும்பத் திரும்ப வர வேண்டும். மூன்றாவது பக்கத்திலேயே குழந்தை அதை முந்திக்கொண்டு சொல்லும். பேசத் தயங்கும் குழந்தைக்கு வாய் திறக்க இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது.

படத்தில் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு பழம், ஒரு பறவை என்று அச்சிட்ட பெயர்ப் புத்தகங்கள் பெயர்ச்சொற்களைத் தரும், வினைச்சொல்லைத் தராது. வினை இல்லாமல் வாக்கியம் ஏது? "மாம்பழம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "தேடுறாரு", "குனியுறாரு", "எட்டிப் பாக்குறாரு" என்பவைதான் தொடரை வளர்ப்பவை.

எழுத்து பெரிதாகவும் படத்தின் மேல் ஏறாமலும் இருக்கட்டும். கிழிக்கும் வயதில் கெட்டி அட்டைப் புத்தகமே நல்லது. மொழிபெயர்ப்புப் புத்தகமாக இருந்தால் வாங்குவதற்கு முன் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால் கீழே வைத்துவிடுங்கள்.

எங்கே கிடைக்கும்? பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். இந்த வேலைக்குப் படிநிலை 1, 2 போதும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படக்கதைகள் வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பத்துப் புத்தகம் ஒரேயடியாக வாங்க வேண்டாம். ஒரே புத்தகத்தைப் பத்து தடவை எடுப்பதில்தான் இந்த முறையே நிற்கிறது. முதல் தடவை கதை எங்கே போகிறது என்பதிலேயே குழந்தையின் கவனம் முழுவதும் போய்விடும். கதை தெரிந்த பிறகுதான் சொல்லைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கும்.

3. நேரமும் உட்காரும் விதமும்

இரண்டு வயதுக்கு ஐந்து நிமிடம், நான்கு வயதுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். வாயில் சோறு இருக்கும்போது எப்படிப் பேசும்? தூங்கப்போகும் நேரத்துக் கதை இனிமையானதுதான், ஆனால் கண் சொக்கும் குழந்தையிடம் கேள்வி கேட்டால் அழுகைதான் வரும். இந்த அமர்வுகளுக்குக் குளித்து முடித்த பிறகோ, மாலை விளையாட்டுக்கு முன்போ ஒரு நேரத்தைப் பிடியுங்கள்.

மடியில் உட்காரவைத்தால் குழந்தைக்கு உங்கள் வாய் தெரியாது. ஒலி தெளிவில்லாத குழந்தையை எதிரிலோ பக்கவாட்டில் சற்றுத் திரும்பியோ உட்காரவைத்து, புத்தகத்தை உங்கள் மோவாய்க்குக் கீழே பிடியுங்கள். படமும் உதடும் ஒரே பார்வையில் விழ வேண்டும். டிவி அணைந்திருக்கட்டும். "சத்தம் கம்மியா வெச்சிருக்கேன்" என்பது பெரியவர்களின் காதுக்குச் சரி. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கும் திறமை சின்னக் காதுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது.

4. பெரியவர் முதலில் தனியாகப் படிக்க வேண்டும்

இதைத் தாண்டிப்போகாதவர்கள் குறைவு. குழந்தை இல்லாத நேரத்தில் புத்தகத்தை ஒருமுறை படித்து, ஐந்தாறு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் பெயர்ச்சொல்லாக இருக்கக் கூடாது. நம் கதையிலிருந்து எடுத்தால்: தேடு, குனி, ஒளி, கீழே, பின்னால், கூடை. மூன்று வினை, இரண்டு இடம், ஒரு பெயர்.

இவற்றைச் சின்னத் தாளில் எழுதிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டுங்கள். பத்து அமர்விலும் இந்த ஆறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப உங்கள் வாயில் வர வேண்டும். ஒட்டிவைக்காவிட்டால் நாளுக்கொரு சொல்லாக அலைவீர்கள், குழந்தைக்கு எதுவும் ஊறாது.

5. முதல் அமர்வு: படம் மட்டும்

இன்று ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம். பக்கத்தைத் திறந்து, குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, அதைப் பற்றிப் பேசுங்கள். மூலையில் இருக்கும் பல்லியைப் பார்த்தால் பல்லியைப் பற்றித்தான் பேச்சு. தாத்தாவுக்கு நாளைக்கு வரலாம். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குச் சொன்ன சொல் ஒட்டிக்கொள்ளும். நாம் இழுத்துக் காட்டிய பொருளின் சொல் அவ்வளவு ஒட்டாது.

கேள்வியும் குறைவாக இருக்கட்டும். ஒரு கேள்விக்கு மூன்று சாதாரணப் பேச்சு என்பது நல்ல அளவு. "அட, தாத்தா குனிஞ்சு பாக்குறாரு. கட்டிலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. இப்ப எங்க போவாரு?" இதில் கேள்வி கடைசியில் ஒன்றுதான்.

குழந்தை நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால் தடுக்காதீர்கள். திறந்த பக்கத்திலிருந்து தொடருங்கள். புத்தகம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் குழந்தை தானாக நின்று பார்க்கும். பிடுங்கினால் எழுந்து ஓடிவிடும்.

6. இரண்டு முதல் நான்காம் அமர்வு வரை: கேள், காத்திரு, நீட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். உரையாடல் வாசிப்பு என்று இதற்குப் பெயர். அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதைப் பழக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதன் சுற்று இப்படிப் போகும்.

முதலில் ஒரு தூண்டல். சுலபமானது, வரியைப் பாதியில் விடுவது: "கதவுக்குப் பின்னால பாத்தாரு. அங்கேயும்..." என்று நிறுத்தினால் "இல்ல!" என்று வரும். அடுத்தபடி யார், என்ன, எங்கே. மூன்று வயதுக்கு மேல் ஏன், எப்படி. கதை பழகிய பிறகு, "முதல்ல எங்க தேடினாரு?" என்று நினைவைக் கேட்பது. கடைசியாக வீட்டோடு முடிச்சுப்போடுவது: "நம்ம வீட்டுல செருப்பை எங்க விடுவோம்?"

தவிர்க்க வேண்டியது ஆமாம்-இல்லை கேள்வி. "இது நாயா?" என்றால் "ஆமா" என்று தலையாட்டல் வரும், அத்தோடு பேச்சு செத்துவிடும். "நாய் என்ன பண்ணுது?" என்றால் குறைந்தது ஒரு வினையாவது வரும்.

இரண்டாவது, காத்திருப்பு. கேட்ட பிறகு மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள். தாமதமாகப் பேசும் குழந்தைக்குப் பத்து வரை. குழந்தை கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாயை அசைக்க வேண்டும். அந்த இடைவெளியில் நாமே பதிலைச் சொல்லிவிட்டால், கொஞ்ச நாளில் குழந்தை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும், பேச அல்ல. பாட்டி, அத்தை, பெரிய அக்கா என்று எல்லாரும் கூடியிருக்கும் வீட்டில் இதுதான் கடினம். யாராவது ஒருவர் பதிலைச் சொல்லிவிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, நீட்டல். குழந்தை சொன்னதை ஒப்புக்கொண்டு, ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

குழந்தை: "செப்பு."
நீங்கள்: "ஆமா, தாத்தா செருப்பு."

குழந்தை: "நாய் தூங்குது."
நீங்கள்: "ஆமா, நாய்க்குட்டி செருப்பு மேல தூங்குது."

குழந்தை: "கட்டில் கீழ."
நீங்கள்: "கட்டிலுக்குக் கீழ பாத்தாரு."

மூன்றாவது எடுத்துக்காட்டைக் கவனியுங்கள். தமிழில் பேச்சு வளர்வது சொல்லின் வாலில். -உக்கு, -ல, -ஓட என்ற உருபுகளையும், பாத்தாரு-பாத்துச்சு என்ற வினைமுடிவுகளையும் சின்னக் குழந்தைகள் முதலில் விட்டுவிடுவார்கள். நீட்டும்போது புதுச் சொல்லை மட்டும் சேர்க்காமல், விடுபட்ட வாலையும் ஒட்டிக் கொடுங்கள். கட்டில், கதவு, கூடை என்று ஒளிந்து தேடும் கதைகள் இதற்காகவே நல்லவை. இட உருபு இல்லாமல் அந்தக் கதையே நகராது.

"எங்க, இப்ப நீ முழுசா சொல்லு" என்று கேட்பது ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். சொன்னால் மகிழ்ச்சி, சொல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள். திரும்பச் சொல்லச் சொல்லி அழுத்தினால் கதை வாய்ப்பாடு ஒப்பிக்கும் இடமாகிவிடும்.

வினைகளை உடம்பால் செய்துகாட்டுங்கள். நீங்கள் குனிந்தால் குழந்தையும் குனியும். குனிந்துகொண்டே கேட்ட "குனி" மறக்காது.

அங்கன்வாடியில் இருபத்தைந்து பேரை வைத்து இந்தச் சுற்று ஓடாது. நான்கைந்து பேராகப் பிரித்து, மற்றவர்களுக்கு மண்ணோ கட்டைகளோ கொடுத்து, நாளுக்கு இரண்டு குழு எடுங்கள். முதலில் கேள்வி, பிறகு பெயர்: "இப்ப தாத்தா எங்க தேடுவாரு...? கவின், நீ சொல்லு." பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

7. பேச்சுத் தமிழா, அச்சுத் தமிழா?

புத்தகத்தில் "பார்த்தார்". வீட்டில் "பாத்தாரு". எதைச் சொல்வது என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். முதல் நான்கு அமர்வுகளில் வீட்டுப் பேச்சு மட்டும். அது மதுரைத் தமிழோ கோவைத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, உங்களுடையது எதுவோ அது. ஐந்தாம் அமர்விலிருந்து, அச்சில் உள்ள வரியை எழுத்து பிசகாமல் ஒருமுறை படித்து, உடனே அதை உங்கள் பேச்சில் சொல்லுங்கள்.

இரண்டையும் கலந்தால் வரும் கெடுதல் இது: விரல் "பார்த்தார்" மேல் ஓடும்போது வாய் "பாத்தாரு" என்றால், எழுத்துக்கும் ஒலிக்கும் கணக்கான உறவு இருக்கிறது என்பது குழந்தைக்குப் பிடிபடாது. அச்சு என்பது பெரியவர்கள் இஷ்டத்துக்குச் சொல்வது என்று நினைத்துக்கொள்ளும். விரலை வைத்தால் அச்சில் உள்ளது, எடுத்தால் பேச்சு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை "பாத்தாரு" என்றால் அது தப்பு இல்லை, திருத்தாதீர்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசினால், படம் பார்க்கும் அமர்வுகளை அந்த மொழியிலேயே நடத்துங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

8. சொல் தெளிவாக வராதபோது

ப, ம போன்ற உதட்டொலிகள் முதலில் வரும். ர, ற, ள, ழ எல்லாம் தாமதம். மூன்று வயதுக் குழந்தை "செலுப்பு" என்றோ "செயுப்பு" என்றோ சொல்வது வயதுக்கேற்றதுதான்.

பதில் சொல்லும்போது, "ஆமா, செருப்பு. தாத்தா செருப்பு எங்க?" என்று சரியான ஒலியைச் சற்று நீட்டி, இரண்டு மூன்று தடவை இயல்பாகக் காதில் போடுங்கள். "லு இல்ல, ரு சொல்லு" என்று நிறுத்திவைக்காதீர்கள். ஒலி வராத குழந்தைக்கு அது வராது என்பது தெரியும். கேட்கக் கேட்க அந்தச் சொல்லையே தவிர்க்க ஆரம்பிக்கும். மழலை அழகாக இருக்கிறது என்று வீடே சேர்ந்து "செலுப்பு" என்று பேசுவதும் வேண்டாம். குழந்தைக்குச் சரியான மாதிரி எங்கிருந்து கிடைக்கும்?

9. ஐந்தாம், ஆறாம் அமர்வு: காதுக்கு வேலை

மூன்றரை வயதுக்குக் கீழே இருந்தால் இந்தப் பகுதியைத் தள்ளிவைத்து, ஆறாம் பகுதியையே தொடருங்கள்.

முதலில் கைதட்டல். சொல்லை மெதுவாகச் சொல்லி, ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒரு தட்டு: செ-ருப்-பு மூன்று, தாத்-தா இரண்டு, கட்-டில் இரண்டு, க-த-வு மூன்று. பெரியவர்கள் இங்கேதான் வழுக்கிவிழுவார்கள். எழுத்தை எண்ணி, கட்டிலுக்கு க-ட்-டி-ல் என்று நான்கு தட்டுவார்கள். புள்ளிவைத்த எழுத்துக்குத் தட்டு கிடையாது, அது முன் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழாசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது யாப்பில் படித்த நேரசை நிரையசை அல்ல.

அடுத்து முதல் ஒலி. "தாத்தா, தாமரை... தா-ல வேற என்ன இருக்கு?" உயிர்மெய்யை உடைக்காமல் முழுதாகவே கேளுங்கள். த் என்ற மெய்யை மட்டும் பிரித்துக் கேட்பது நான்கு வயதுக் குழந்தைக்குக் கடினம், இப்போதைக்குத் தேவையும் இல்லை.

நான்கரை வயதுக்கு மேல், தலையை வெட்டும் விளையாட்டு: "கதவு, க ஓடிப்போச்சு. மிச்சம் என்ன?" "தவு!" பொருளில்லாத சொல் வருவதால் சிரிப்பும் சேர்ந்து வரும். இவை எல்லாம் காதுக்கு மட்டும். எழுத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் குழந்தை கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பிக்கும்.

10. ஏழாம், எட்டாம் அமர்வு: அச்சு எப்படி வேலைசெய்கிறது

அட்டை, தலைப்பு, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது, வரி முடிந்தால் எங்கே திரும்புவது என்று ஒவ்வொன்றையும் செய்துகாட்டுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். விரல் சொல்லுக்குக் கீழே ஓட வேண்டும், மேலே வைத்தால் மறைக்கும். "அங்கேயும் இல்லை!" வரும் இடத்தில் குழந்தையின் விரலைப் பிடித்து இரண்டு சொல்லையும் தொடவிடுங்கள். அடுத்த பக்கத்தில் அதே வரியைத் தேடச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாமலே கண்டுபிடித்துவிடும். வாசிப்பின் முதல் படி அதுதான்.

பிறகு எழுத்து. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. இவற்றை அ-விலிருந்து வரிசையாக ஏற்ற வேண்டும் என்றுதான் கை துறுதுறுக்கும். ஆனால் உயிரெழுத்து அதன் சொந்த உருவில் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும். அ முதல் ஔ வரை ஒப்பிக்கும் குழந்தையால் "தாத்தா செருப்பு" என்பதில் ஓர் எழுத்தைக்கூட அடையாளம் காண முடியாது, ஏனென்றால் அதில் உயிரெழுத்தே இல்லை. பள்ளி வரிசை பள்ளியில் நடக்கட்டும். கதைப் புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று எழுத்து மட்டும் எடுங்கள்: குழந்தையின் பெயரில் உள்ள முதல் எழுத்து, கதையில் அடிக்கடி வரும் ஓர் உயிர்மெய். இங்கே அது "தா".

இடறும் இடங்களை முன்பே தெரிந்துவையுங்கள். "செ" என்பதில் கொம்பு ச-வுக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" போன்றவற்றில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். அதனால் "கொம்பு, ச, செ" என்று உடைத்துச் சொல்லிக்கொடுக்காமல் செ-யை ஒரே உருவாகக் காட்டுங்கள். உகரக் குறிக்கு ஒரே வடிவம் இல்லை: அதே செருப்பில் உள்ள ரு-வையும் பு-வையும் பாருங்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை ஊகிக்க வழியில்லை, தனித்தனியாகத்தான் பழக வேண்டும். பல அச்செழுத்துகளில் ர-வும் துணைக்காலும் ஒன்றுபோலவே தெரியும். முதல் மாதம் இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள்.

"க-வுக்கு என்ன ஒலி?" என்று தனியாகக் கேட்பதும் பயனற்றது. கதவு என்பதில் ஒரு க, அங்கே என்பதில் ஒரு க, பகல் என்பதில் இன்னொன்று. எழுத்து ஒன்று, ஒலி இடத்துக்கு இடம் மாறும். சொல்லோடு கொடுத்தால் குழந்தைக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை அது ஏற்கெனவே சரியாகப் பேசுகிறது. முதலில் வாய் என்றது இதற்கும் சேர்த்துத்தான்.

ஓர் அமர்வில் எழுத்துக்கு இரண்டு நிமிடம். மீதி நேரம் கதைக்கு.

11. ஒன்பதாம், பத்தாம் அமர்வு: குழந்தை சொல்லும் கதை

ஒரு செருப்பு, ஒரு கூடை, ஒரு பொம்மை நாய். இவற்றைத் தரையில் வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்று உட்காருங்கள். வரிசை மாறினாலும் குறுக்கிடாதீர்கள். முழுதாக நின்றுபோனால் மட்டும் "அப்புறம்?" என்று ஒரு சொல்.

அடுத்த நாள் அதைப் புத்தகமாக்குங்கள். இரண்டு ஏ4 தாளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதியாக மடித்து நடுவில் தைத்தால் எட்டுப் பக்கம். ஊசிநூல் நல்லது. ஸ்டேப்ளர் போட்டால் கம்பி முனைமேல் டேப் ஒட்டுங்கள். குழந்தை வரையட்டும், கிறுக்கினாலும் சரி. அது சொல்வதைக் கீழே பெரிய எழுத்தில் நீங்கள் எழுதுங்கள். "தாத்தா குனிஞ்சு பாத்தாரு" என்றால் அப்படியே. சிலருக்கு இது உறுத்தும், கொச்சையை எழுதிக்கொடுக்கலாமா என்று. ஆனால் தான் சொன்னதே தாளில் நிற்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டுமென்றால், அதன் விரலும் வாயும் சேர்ந்து ஓட வேண்டும். திருத்திய தமிழை அச்சுப் புத்தகம் கொடுக்கும்.

நான்கு வயதுக்கு முன் பென்சிலைக் கொடுத்து எழுத்தை எழுதச் சொல்லாதீர்கள். கைத்தசை தயாராக இருக்காது. தடித்த கிரயான், சிலேட்டு, மண்ணில் விரல், இவை போதும்.

12. ஓடாதபோது பார்க்க வேண்டியவை

குழந்தை எழுந்து ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கேள்வி அதிகமாகியிருக்கும், அல்லது புத்தகம் நீளம். மூன்று பக்கம் பார்த்துவிட்டு நீங்களே முதலில் மூடுங்கள். நாளைக்கு அதுவாகவே தூக்கிக்கொண்டு வரும்.

குழந்தை வாயே திறக்கவில்லை என்றால் கேள்வியை மொத்தமாக நிறுத்திவிட்டு, ஐந்தாம் பகுதிபோல் பேச்சு மட்டும் மூன்று நாள். பிறகு பாதி வரியில் நிறுத்தும் உத்தி. விரலால் காட்டினாலும் பதில்தான், அதைச் சொல்லாக்கி நீட்டுங்கள்.

அச்சுப் புத்தகம் இல்லாமல் போனில்தான் படிக்கிறீர்கள் என்றால், இறக்கிய கதையை இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். தானாக வாசிக்கும் குரலையும் அணைத்துவிடுங்கள். அந்தக் குரல் ஐந்து நொடி காத்திருக்காது.

பத்தாம் அமர்வு முடிந்ததும் முதல் நாள் நோட்டை எடுத்து, இப்போதைய நீளமான ஐந்து தொடர்களை அதன் எதிரே எழுதுங்கள். சொல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் உருபு கூடியிருக்கிறதா, புது வினை வந்திருக்கிறதா, குறித்துவைத்த ஆறில் எத்தனை தானாக வருகிறது என்று பாருங்கள். நான்கு வந்தால் அடுத்த புத்தகம். இரண்டுக்குக் கீழே என்றால் இதே புத்தகத்தை இன்னொரு வாரம்.

அடுத்த புத்தகத்தில் பழைய சொற்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தேடும் கதைக்குப் பிறகு ஒளியும் கதை பொருந்தும். பழைய புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடாதீர்கள். குழந்தையின் கை எட்டும் உயரத்தில், முதுகு அல்ல, முன்னட்டை தெரியும்படி சாய்த்துவையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு முதுகில் இருக்கும் பெயர் எதுவும் சொல்லாது, அட்டையில் இருக்கும் நாய்க்குட்டி சொல்லும்.